எமது கல்லூரியும் நாட்டார் பாடல்களும்

நூற்றாண்டு விழாவை ஒட்டி எமது சங்கம் கல்லூரி மண்டபத்தில் இரண்டு நாள் நடத்திய நாட்டார் பாடற் செயலமர்வைப் பற்றி ஒரு குறிப்பு எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் எங்கள் வகுப்பைக் கேட்டிருந்தார்கள். யார் வந்தார்கள், என்ன பாடினார்கள், நன்றியுரை சொன்னவர் யார் என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அப்படித்தான் தொடங்கினோம். ஆனால் இரண்டாம் நாள் மத்தியானம் நடந்த ஒன்று அந்த இரண்டு பக்கத்துக்குள் அடங்கவில்லை. அதைச் சொல்வதென்றால் எங்கள் பாடசாலைக் காலத்துக்குப் போகவேண்டும். அதற்கு முன்னும் கொஞ்சம் போகவேண்டும். ஆகவே இது அறிக்கையாக இல்லாமல் ஒரு சிறு வரலாறாகிவிட்டது. நினைவுகள் எங்கள் வகுப்பினர் எல்லோருடையவை. எழுதிய கை மட்டும் எங்களுள் மருத்துவராக இருப்பவருடையது. கையெழுத்து விளங்கவில்லை என்று தட்டெழுதியவர் முறைப்பட்டதற்கு அதுவே காரணம்.

எங்கள் காலத்தில் கல்லூரியில் பாட்டு என்றால் சங்கீதம்தான். காலைப் பிரார்த்தனையில் தேவாரம், நவராத்திரியில் சகலகலாவல்லி மாலை, பரிசளிப்பு விழாவில் வரவேற்புப் பாடல், மற்றப்படி சுருதிப்பெட்டிக்கு முன்னால் சரளி வரிசை. வட இலங்கைச் சங்கீத சபை 1931இல் தொடங்கப்பட்டது. அதன் பரீட்சைகளைத் தரம் தரமாக எடுத்து முடிப்பது எங்களூர்ப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு தகைமை. கலியாணப் பேச்சிலும் அது எடுபடும். 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி தொடங்கிய பின்னர், அங்கே கற்று வந்தவர்களே எங்கள் சங்கீத ஆசிரியைகளாக அமைந்தார்கள். அவர்கள் தந்ததை நாங்கள் ஒருநாளும் குறைத்துச் சொல்லமாட்டோம். விமானக் குண்டுவீச்சுக்குப் பதுங்குகுழியில் இருந்த நாட்களிலும் வர்ணம் பாடமாக்கியவர்கள் எங்கள் வகுப்பில் உண்டு.

ஆனால் அந்தப் படிப்போடு ஒரு கோடும் போடப்பட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பாட்டு. அந்தப் பக்கம் வெறும் சத்தம். அம்மம்மா உரலில் மா இடிக்கும்போது இழுத்தது, சித்திரை வருடப்பிறப்புக்குப் புளியமரத்தில் ஊஞ்சல் கட்டி ஆடும்போது பெரியம்மாமார் எடுத்தது, ஏணையை ஆட்டிக்கொண்டு ஆச்சி முணுமுணுத்தது எல்லாம் அந்தப் பக்கத்தில் கிடந்தன. ஒப்பாரியைப் பற்றிப் பேச்சே இல்லை. செத்த வீட்டில் கேட்டதை வீட்டுக்கு வந்து பகிடிக்குப் பாடிப் பார்த்தவர்களுக்கு வாயில் அடி விழுந்தது.

கோட்டுக்கு அந்தப் பக்கத்திலும் ஒரு மதில் இருந்தது. கல்லூரியின் பின்மதிலைச் சொல்கிறோம். அதற்கு அப்பால் பனங்காணி, ஒழுங்கை, கொட்டில் வீடுகள். அங்கிருந்த பெண்கள் எங்கள் வீடுகளுக்கு நெல் குற்ற, மிளகாய் இடிக்க, தோட்டத்தில் புல்லுப் பிடுங்க வந்தவர்கள். எங்கள் கிணற்றில் அள்ள முடியாதவர்கள். மலர்களில் இதை எழுதும் வழக்கமில்லை என்று தெரியும். ஆனாலும் நூறாண்டு வரலாறு என்று பெயர் வைத்துவிட்டு இதை விட முடியாது. அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக வாங்கில் இருத்த வேண்டும் என்ற உத்தரவு 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் நடைமுறைக்கு வந்தபோது சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. இலவசக் கல்வி 1945இல் வந்தது. வாங்கில் இருக்க உரிமை கிடைத்த பிறகும், அந்தப் பிள்ளைகளின் தாய்மார் பாடியது வகுப்பறைக்குள் வர நெடுங்காலம் சென்றது.

அந்தப் பாடல்களைப் பொருட்படுத்தித் தேடிப் போனவர்கள் இருந்தார்கள். வித்தியாதரிசியாக இருந்த தி. சதாசிவ ஐயர் மட்டக்களப்பு வசந்தன் பாடல்களைத் தொகுத்து 1940இல் 'வசந்தன் கவித்திரட்டு' என்று வெளியிட்டார். பாடசாலைகளைப் பார்வையிடும் உத்தியோகத்தர் ஒருவர் ஊர்ப் பாட்டையும் எழுதி எடுத்தார் என்பது எங்களுக்கு இப்போதுதான் தெரியவந்தது. எங்கள் கல்லூரிக்கு வந்த அதிகாரிகள் வரவு இடாப்பைத்தான் பார்த்தார்கள். வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் 1950களிலும் 1960களிலும் வட இலங்கைப் பாடல்களைத் திரட்டினார். ஒப்பாரிக்கென்றே தனி நூல் போட்டவர் அவர். பாடிய பெண்களை அதன் தலைப்பில் கிராமக் கவிக்குயில்கள் என்று அழைத்தார். பேராசிரியர் சு. வித்தியானந்தனின் முயற்சியில் 1960களில் மட்டக்களப்பு, மன்னார் நாட்டுப் பாடல்கள் நூலுருப் பெற்றன. கர்ணன் போர், இராவணேசன் ஆகிய கூத்துகளைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றியவரும் அவரே. மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்துப் பாடல்களைச் சேர்த்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வந்தது. இந்த நூல்களில் இரண்டு எங்கள் கல்லூரி நூலகத்திலும் இருந்தன. கண்ணாடி அலுமாரியில், பூட்டி.

நாங்கள் அந்தப் பாடல்களை முதன்முதலாகக் கேட்டது நூலகத்தில் அல்ல. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தது. மழை, இருட்டு, செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம். அதை இங்கே விவரிக்கத் தேவையில்லை. இந்த மலரை வாசிக்கும் பலர் அந்தச் சனத்துக்குள் நின்றவர்கள். தென்மராட்சியில் ஒரு பாடசாலை விறாந்தையில் எங்கள் குடும்பங்களில் நான்கைந்துக்கு இடம் கிடைத்தது. பக்கத்தில் பாய் விரித்தவர், எங்கள் பின்மதிலுக்கு அப்பால் இருந்த ஆச்சி. பத்து வருடமாக மதிலுக்கு மேலால் அவருடைய கோழிகளைக் கண்டிருக்கிறோம். அவருடைய முகத்தை அன்றுதான் கிட்ட நின்று பார்த்தோம்.

மின்சாரம் இல்லாத காலம் அது. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஏழு மணிக்குப் பிறகு இருட்டுத்தான். பிள்ளைகள் பயத்தில் அழத் தொடங்கினால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக முழு விறாந்தையும் அழும். ஒருநாள் ஆச்சி யாரையும் கேட்காமல் ஒரு தாலாட்டை எடுத்தார். அடுத்த நாள் கும்மி. மூன்றாம் நாள் அரிவு வெட்டுப் பாட்டு. தை மாதங்களில் பரந்தன், கிளிநொச்சிப் பக்கம் கூலிக்கு அரிவு வெட்டப் போய் வந்த நாட்களில் கற்றவை என்றார். அவர் ஒரு அடி சொல்ல நாங்கள் அதன் வாலைப் பிடித்துத் திருப்பிச் சொல்லவேண்டும். சங்கீதத்தில் ஐந்தாம் தரம் எடுத்தவர்களுக்கு அந்த வால் பிடிபடவில்லை. "பிள்ளையள், காலால கேளுங்கோ" என்று ஆச்சி சிரித்தது இன்றும் காதில் நிற்கிறது. ஏறக்குறைய ஆறு மாதம் அப்படிப் போனது.

திரும்பி வந்து கல்லூரி மெல்ல இயங்கத் தொடங்கிய காலத்தில் தமிழ்த் தினப் போட்டிகள் வந்தன. நாட்டார் பாடலுக்கு எங்கள் குழு. வழக்கமாகப் பாடும் நாற்று நடுகைப் பாட்டு வேண்டாம், புதிதாக ஒன்று வேண்டும் என்றார் பொறுப்பாசிரியை. (யாழ்ப்பாணத்து வயல்களில் பெரும்பாலும் மழையை நம்பிய விதைப்புத்தான், நாற்று நடுகை அபூர்வம். ஆனால் ஆண்டாண்டாக மேடையில் நாங்கள் குனிந்து நாற்று நட்டோம்.) நாங்கள் ஆச்சியைச் சொன்னோம். ரீச்சர் ஒரு பின்னேரம் எங்கள் மூவரைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் ஒழுங்கைக்குள் போனார். கல்லூரி ஆசிரியை ஒருவர் அந்த வளவுக்குள் போனது அதுதான் முதற்தடவை என்று பிறகு அறிந்தோம். ஆச்சி கதிரை எடுத்துப் போட்டார். தான் நிலத்தில் இருந்தார். எங்களுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை என்பதையும் எழுதிவைக்கிறோம்.

பாட்டு வந்தது. திருத்தமும் வந்தது. ஆச்சியின் பாட்டில் இராவில் வந்து வயலைக் கிண்டும் பண்டியைப் பற்றி ஒரு பகுதி உண்டு. 'பண்டி' என்பது 'பன்றி' ஆனது. அந்த இடத்தில் தாளம் நொண்டியது. பெண்பிள்ளைகள் மேடையில் பன்றி என்று பாடுவது அழகில்லை என்று ஒருவர் சொல்ல, பன்றி 'மான்' ஆனது. மான் வரம்பைக் கிண்டுமா என்று நடுவர்களில் எவரும் கேட்கவில்லை. இன்னொரு பகுதியில் கூலி நெல் அளக்கும் கொத்தைப் பற்றிச் சொல்லியிருந்தது. வெட்டும்போது வயல் பெரிதாகிறது, அளக்கும்போது கொத்துச் சிறுக்கிறது என்ற கருத்து. அந்தப் பகுதி நேரம் போதாது என்று முழுதாக எடுக்கப்பட்டது. மட்டையில் வெட்டி வெள்ளித் தாள் ஒட்டிய அரிவாள்களோடு, சேலையை உயர்த்திக் கட்டி, கன்னத்தில் கறுப்புப் பொட்டும் வைத்து நாங்கள் பாடினோம். முதலிடம். இடப்பெயர்வுக்குப் பின் வெளிவந்த முதலாவது கல்லூரிச் சஞ்சிகையில் பாட்டு முழுப் பக்கத்தில் அச்சானது. மேலே எங்கள் படம். கீழே 'சேகரித்தவர்கள்' என்று எங்கள் பெயர்கள். ஆச்சியின் பெயர் எங்கும் இல்லை. சஞ்சிகையில் ஒரு பிரதிகூட நாங்கள் அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

பிறகு நாங்கள் சிதறிவிட்டோம். பல்கலைக்கழகம், கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, சிட்னி. ஆச்சி எப்போது காலமானார் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

செயலமர்வுக்கு வருவோம். நூற்றாண்டுக்கு ஓர் இசை விழா வைக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு. கனடாக் கிளையினர், கேட்பதற்கு அல்ல, எல்லோரும் சேர்ந்து பாடுவதற்கு ஏதாவது வையுங்கள் என்றார்கள். வயதான பெண்கள் அங்கே வாரம் ஒருமுறை மண்டபம் ஒன்றில் கூடிப் பாடுகிறார்கள். அதற்குப் பிறகு மருந்துக்கு முன்னால் அதைத் தேடுகிறார்கள் என்றும் சொன்னார்கள். மருத்துவராக இருப்பவர் இதைக் கேட்டுத் தலையாட்டினாலும் மருந்தை நிறுத்தவேண்டாம் என்று சொல்லி வைத்தார். இப்படித்தான் இரண்டு நாள் அமர்வு உருவானது. பழைய மாணவிகள், இப்போது உயர்தரம் படிக்கும் பிள்ளைகள், அயற் கிராமங்களில் இருந்து பாடத் தெரிந்த மூத்தவர்கள் ஏழெட்டுப் பேர். ஒலிபெருக்கி இல்லை, ஆர்மோனியம் இல்லை, மேடை இல்லை என்று முன்னரே முடிவெடுத்தோம். மேடையில் கதிரை போட்டுப் பழகிய எமது சங்கத்துக்கு அது இலேசான முடிவல்ல.

முதல் நாள் காலை ஒன்றும் சரிவரவில்லை. வட்டமாகக் கதிரை போட்டு இருந்தோம். அரிவு வெட்டுப் பாட்டொன்றைச் சொல்லித்தர வந்த அம்மா முதல் அடியைப் பாடினார், நாங்கள் திருப்பினோம். எங்கள் குரலில் அது ஒரு கீர்த்தனை மாதிரி நீண்டு போய் விழுந்தது. நாலைந்து தரம் முயன்ற பின் அவர், "இருந்துகொண்டு இந்தப் பாட்டு வராது" என்று எழும்பிவிட்டார். எல்லோரையும் மண்டபத்துக்கு வெளியே வேம்படிக்குக் கூட்டிப் போய், வரிசையாக நிறுத்தி, குனியச் சொன்னார். இடது கையால் இல்லாத கதிரைப் பிடித்து வலது கையால் அறுக்கவேண்டும். அறுக்கும் இழுப்பில் ஒரு சொல், கற்றையை வைக்கும்போது ஒரு சொல். அப்போதுதான் பாட்டு ஏன் அவ்வளவு சின்னச் சின்ன அடியாக இருக்கிறது என்பது விளங்கியது. குனிந்து நிற்கும்போது வயிறு மடிந்து உதரவிதானம் தாராளமாக இறங்க இடம் குறைகிறது, மூச்சுக் குறுகுகிறது. ஒரு மூச்சுக்குள் முடியும் அளவுதான் ஒரு அடி. முன்பாட்டுக்காரி பாடும்போது மற்றவர்கள் மூச்செடுப்பார்கள், மற்றவர்கள் பாடும்போது அவர் எடுப்பார். உடற்றொழிலியல் வகுப்பில் நாம் படம் கீறிப் படித்ததை அந்த அம்மா ஒரு வரிசையில் நிறுத்திக் காட்டிவிட்டார். பத்து நிமிடத்தில் எங்களுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவர்கள் விடியப்புறத்தில் இருந்து வெயில் ஏறும்வரை குனிந்தவர்கள்.

துலாப் பாட்டுக்கும் அம்பாவுக்கும் இதே கதைதான். துலாவில் ஏறி நடப்பவருக்கும் பட்டையைப் பிடித்து இறைப்பவருக்கும் இடையே பாட்டு ஓடும். எத்தனை பட்டை இறைத்தாயிற்று என்ற கணக்கும் அதற்குள்ளேயே போகும். நீரிறைக்கும் இயந்திரம் வந்த பிறகு அந்தப் பாட்டுக்கு வேலை இல்லாமற் போனது. எண்ணெய்த் தடை இருந்த 1990களில் சில தோட்டங்களில் துலா மறுபடி உயர்ந்ததைக் கண்டிருக்கிறோம், பாட்டு மட்டும் கூட வரவில்லை. அம்பா பாட வந்தவர் மயிலிட்டிப் பக்கத்து ஐயா ஒருவர். 1990இல் கரையை விட்டவர். மயிலிட்டித் துறைமுகம் 2017இல் விடுவிக்கப்படும்வரை இருபத்தேழு வருடம் கடல் தெரியாத முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் இருந்தவர். கயிறு இல்லாமல் பாட்டு வராது என்றார். கல்லூரியின் கயிறிழுத்தல் போட்டிக் கயிற்றை எடுத்துக் கொடுத்தோம். அதைக் கையில் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகு வந்த குரல், மாடியில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவர்களையும் எட்டிப் பார்க்க வைத்தது. நடு நடுவே சொல் மறந்து நின்றார். நாங்கள் காத்திருந்தோம். மறந்த சொற்கள் சில வரவே இல்லை.

ஒப்பாரியைப் பழக்கித் தரமுடியுமா என்று ஓர் உயர்தர மாணவி கேட்டாள். கேட்டதும் கூட்டம் அமைதியானது. வந்திருந்த மூத்தவர்களில் ஒருவர், "அது பழகிற பாட்டில்லைப் பிள்ளை. ஆளைக் கிடத்தினால் தானாய் வரும்" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆளைக் கிடத்தாட்டி வராது" என்றார். அவருடைய மகன் 2009இற்குப் பின் திரும்பி வராதவர்களில் ஒருவர் என்று பக்கத்தில் இருந்தவர் எங்களுக்கு மெதுவாகச் சொன்னார். கூட்டு மனவடு பற்றி எழுதிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், சடங்கும் ஒப்பாரியும் நிகழாமற் போகும்போது துக்கம் ஆற வழியில்லாமல் நிற்பதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அதை நாம் மாணவராக இருந்தபோது பரீட்சைக்குப் படித்தோம். அந்த மத்தியானம் அங்கே இருந்த பலருக்கும், வெளிநாட்டில் இருந்து அம்மாவின் இறுதிக் கிரியையைத் தொலைபேசித் திரையில் பார்த்தவர்களுக்கும், அது வேறுவிதமாகப் புரிந்திருக்கும். ஒப்பாரி பாடவில்லை. தேத்தண்ணீர் கொண்டுவரும்படி சொன்னோம்.

இரண்டாம் நாள் மத்தியானம் நாங்கள் எங்கள் வெற்றிப் பாட்டைப் பாடினோம். அந்தக் காலக் குழுவில் எட்டுப் பேர் வந்திருந்தோம். நாற்பது வயது தாண்டிய பிறகும் அடிகள் மறக்கவில்லை. மான் துள்ளி வந்தது. கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த இளம் பெண் ஒருவர் கைதட்டவில்லை. முன்பள்ளி ஒன்றில் படிப்பிப்பவர்; தான் படிப்பிக்கும் பிள்ளைகளுக்குப் பாட்டு எடுக்கலாம் என்று வந்திருந்தார். எழும்பி, "அக்கா, அது எங்கட அம்மம்மான்ர பாட்டு. ஆனா அது இப்பிடி இல்லை" என்றார்.

அவரைப் பாடச் சொன்னோம். குனியச் சொல்லவில்லை, தானாகவே குனிந்தார். பண்டி வந்தது, தாளம் நொண்டாமல். கொத்தும் வந்தது. நாங்கள் பாடாத அந்தப் பகுதியை அவருடைய குரலில்தான் பல வருடங்களுக்குப் பிறகு மறுபடி கேட்டோம். வந்திருந்த மூத்த அம்மாக்கள் நால்வரும் கேட்காமலே வாலைப் பிடித்துத் திருப்பினார்கள். அவர்களுக்கு அந்தப் பகுதி தெரிந்திருந்தது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு கிணற்றடியில் வைத்துச் சொன்னாள். அவளுடைய அப்பப்பா வீட்டுக் களஞ்சியத்தில் இரண்டு கொத்து இருந்தது. வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று. சின்ன வயதில் இரண்டையும் வைத்து மண்சோறு விளையாடியவளுக்கு ஒன்றின் அடி ஏன் உள்ளே குழிந்திருக்கிறது என்று தெரியாது.

அந்தப் பெண் எமது கல்லூரியின் பழைய மாணவிதான். சாதாரண தரம் வரை இங்கே படித்தவர். சங்கத்தில் அங்கத்தவராக இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "ஒருத்தரும் கேக்கேல்லை அக்கா" என்றார். படித்த காலத்தில் நூலகத்தில் பழைய சஞ்சிகையைப் புரட்டியபோது அந்தப் பக்கத்தைக் கண்டு, வீட்டில் போய்ச் சொன்னாராம். அம்மம்மா அப்போது உயிரோடு இருந்தார். "பாட்டில மான் வருதாம்" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். கொத்தை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னபோது சிரிக்கவில்லையாம்.

பொறுப்பாசிரியை இப்போது வெளிநாட்டில் மகளோடு இருக்கிறார். அன்றிரவே தொலைபேசியில் எடுத்து நடந்ததைச் சொன்னோம். நாங்கள் குற்றம் சாட்டுவது போல் பேசியிருக்கவேண்டும். ரீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் செய்தது பிழை எண்டு இண்டைக்குச் சொல்லுறியள், சரி. அண்டைக்கு அந்த வளவில இருந்து ஒரு பாட்டைக் கல்லூரி மேடைக்குக் கொண்டு வாறதுக்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமோ? கொத்தையும் கொண்டு வந்திருந்தால் பாட்டே வந்திராது" என்றார். அதற்கு எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை, இப்போதும் இல்லை. மறுநாள் காலை அவரே எடுத்து, கொத்து வரும் பகுதியை அந்தப் பிள்ளையைக் கொண்டு தொலைபேசியில் பாடச் சொல்லிக் கேட்டார். ஒரு சொல்லையும் திருத்தவில்லை. இடையில் மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது.

செயலமர்வில் பாடப்பட்ட பாடல்களை ஒரு கையேடாக அச்சிட்டு நூலகத்தில் வைக்கிறோம். இம்முறை அலுமாரிக்கு வெளியே. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே பாடியவரின் பெயர், ஊர், யாரிடம் கேட்டுக் கற்றார், என்ன வேலை செய்யும்போது பாடியது என்பவை இருக்கும். சுரப்படுத்தவில்லை. சங்கீத ஆசிரியை ஒருவர் முயன்றுவிட்டு, காகிதத்தில் வருகிறது, காலில் வரவில்லை என்று விட்டுவிட்டார். ஒலிப்பதிவின் பிரதிகளைப் பாடியவர்களின் குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டோம். அவர்களைக் கேட்காமல் வேறெங்கும் போடுவதில்லை என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்து அறிக்கைப் புத்தகத்திலும் எழுதியாயிற்று. முன்பள்ளி ஆசிரியையை இவ்வாண்டு செயற்குழுவில் சேரும்படி கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

ஆச்சியின் பெயரை இந்தக் கட்டுரையில் எழுத அனுமதி கேட்டபோது பேர்த்தி மறுத்துவிட்டார். "உங்கட கட்டுரைக்குள்ள வேண்டாம் அக்கா. பாட்டுக்குக் கீழ போடுங்கோ" என்றார். நியாயம்தான். ஆகவே இந்த மலரின் பின்னட்டைக்குள் ஒரு துண்டுத்தாள் வைத்திருக்கிறோம். அதில் பாட்டின் விடுபட்ட பகுதி, திருத்தப்பட்ட சொற்களின் மூலவடிவம், பாடியவரின் பெயர் மூன்றும் உள்ளன. இடப்பெயர்வுக்குப் பின் வந்த அந்த முதலாவது சஞ்சிகை உங்களில் பலரிடம், எந்த நாட்டில் இருந்தாலும், இன்னும் இருக்கும் என்று அறிவோம். எங்கள் வகுப்புப் படத்துக்காகவே வைத்திருப்பீர்கள். தயவுசெய்து அந்தப் பக்கத்தை எடுத்து, எங்கள் பெயர்கள் இருக்கும் இடத்தின் மேலேயே அந்தத் துண்டை ஒட்டிவிடுங்கள். அளவு பார்த்துத்தான் வெட்டியிருக்கிறோம்.